அப்பாவுக்கு தொப்பி கேக்கணும்: 8000 ரூபாய்ல கார் ஸ்பீக்கர் வேலை

போன வருஷம் ஆடி மாசம் அப்பாவை கும்பகோணத்துல இருந்து சென்னைக்கு கூட்டிட்டு வந்துட்டு இருந்தேன், பண்ருட்டி தாண்டி விக்கிரவாண்டி நெருங்குற வரைக்கும் ஒரு பழைய கச்சேரி ரெக்கார்டிங் ஓடிட்டு இருந்துச்சு, அவரும் தொடையில தாளம் போட்டுக்கிட்டே வந்தார், திடீர்னு நிறுத்திட்டு "ஏன்டா, தொப்பியே காணோமே, வலந்தலை மட்டும்தான் கேக்குது"ன்னார். மிருதங்கத்துல வலது பக்கம் வலந்தலை, நடுவுல கருப்பா கரணை இருக்கும்ல அது, இடது பக்கம் தொப்பி, கும்கின்னு கனமா வர்ற சத்தம் எல்லாம் அங்க இருந்துதான். அப்பா சின்ன வயசுல ஏழெட்டு வருஷம் மிருதங்கம் கத்துக்கிட்டவர், மேடை ஏறுற அளவுக்கு போகல, ஆனா எங்க தெருவுல மார்கழி பஜனைக்கு ரொம்ப வருஷம் அவர்தான் வாசிச்சார். அவர் சொன்னப்புறம் நானும் உத்து கேட்டேன், நெசமாவே தொப்பி இல்ல. டக்கு டக்குன்னு மேல் சத்தம் மட்டும் வருது, கீழ ஒண்ணும் இல்ல.

அது எனக்கு ரொம்ப உறுத்துச்சு, ஏன்னா அதுக்கு ஒரு வருஷம் முன்னாடிதான் 3200 ரூபாய் குடுத்து முன் கதவு ஸ்பீக்கர் ரெண்டையும் மாத்தியிருந்தேன். வண்டி 2013 ஸ்விஃப்ட் டீசல், செகண்ட் ஹேண்ட்ல எடுத்தது, முன்னாடி வச்சிருந்தவர் ஒரு டபுள் டின் செட், அதாவது டாஷ்போர்டுல உக்கார்ற பெரிய சைஸ் மியூசிக் பிளேயர், போட்டிருந்தார், செட் நல்ல செட்டுதான். ஸ்பீக்கர்தான் மோசம்னு நெனச்சு ஒரு கடையில விட்டு, அட்டைப்பெட்டி மேல 300 வாட்ஸ்னு பெருசா போட்டிருந்த ஒரு ஆறரை இஞ்ச் கோஆக்சியல் ஸ்பீக்கர் ஜோடியை, அதாவது கீழ் சத்தத்துக்கான வூஃபரும் மேல் சத்தத்துக்கான ட்வீட்டரும் ஒரே கூட்டுல இருக்குற ரகத்தை, மாட்டிட்டு வந்தேன். முக்கால் மணி நேரத்துல வேலை முடிச்சு குடுத்துட்டாங்க. சத்தம் கூடுச்சு, அது உண்மை, ஆனா சந்தோஷம் ஒரு வாரம் கூட நிக்கல, ஏதோ தகர டப்பாக்குள்ள இருந்து பாடுற மாதிரியே இருந்துச்சு, சரி நம்ம பட்ஜெட்டுக்கு இவ்ளோதான் போலன்னு விட்டுட்டேன்.

இப்ப இதை எழுதறதுக்கு காரணமே அதுதான். "நம்ம பட்ஜெட்டுக்கு இவ்ளோதான்"ங்கறது தப்பு. அந்த 3200 ரூபாய் ஸ்பீக்கர் கெட்ட ஸ்பீக்கர் இல்ல, அதை மாட்டுன விதம்தான் கெட்டது, அதை நான் ஒரு பைசா செலவில்லாம வீட்டு வாசல்ல வச்சு கண்டுபிடிச்சேன். கார் ஆடியோ பத்தி யார் கேட்டாலும் எல்லாரும் மொதல்ல எந்த பிராண்டுன்னுதான் பேசறாங்க, அது கடைசியா பேச வேண்டிய விஷயம்.

மொதல்ல பண்ண வேண்டியது இது. செட்ல பேலன்ஸ்னு ஒண்ணு இருக்கும்ல, அதை முழுசா இடது பக்கம் தள்ளி கேளுங்க, அப்புறம் முழுசா வலது பக்கம், அப்புறம் நடுவுல. ஒரு பக்கமா தள்ளும்போது பேஸ், அதாவது கீழ் சத்தம், நல்லா வந்து, நடுவுல வச்சதும் பேஸ் மெலிஞ்சு போச்சுன்னா ரெண்டு ஸ்பீக்கர்ல ஒண்ணுக்கு பிளஸ் மைனஸ் மாத்தி குடுத்திருக்காங்கன்னு கிட்டத்தட்ட முடிவே பண்ணிக்கலாம். ஒரு ஸ்பீக்கர் காத்தை வெளிய தள்ளும்போது இன்னொண்ணு உள்ள இழுக்கும், கீழ் சத்தம் ரெண்டும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டு காணாம போயிடும், மேல் சத்தம் அவ்ளோ பாதிக்காது, அதனால பாட்டு ஓடற மாதிரியேதான் இருக்கும், என்ன குறையுதுன்னு புரியாது. என் வண்டியில இதேதான். உறுதி பண்ணிக்க கதவு பேடை, அதாவது உள்பக்க பிளாஸ்டிக் மூடியை, கழட்டி, ஸ்பீக்கர் ஒயரை செட்ல இருந்து பிரிச்சுட்டு, ஒரு சாதா ஒன்றரை வோல்ட் பென்சில் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாத்தேன். பேட்டரியோட பிளஸ் ஸ்பீக்கரோட பிளஸ்ல பட்டா கோன் வெளிய வரணும், அதாவது நம்மள பாத்து வரணும். ஸ்பீக்கர் முனையில ரெண்டுமே சரியாத்தான் வந்துச்சு, ஆனா ஒயரோட செட் பக்க முனையில இருந்து தொட்டப்போ டிரைவர் பக்கம் உள்ள போச்சு. கம்பெனி கப்ளரை வெட்டி, ஒயரை முறுக்கி, கருப்பு இன்சுலேஷன் டேப் சுத்தி விட்டிருந்தாங்க, அந்த டேப்போட பசை வெயில்ல உருகி கையில ஒட்டுது, உள்ள பிளஸ்ஸும் மைனஸும் மாறி கெடக்கு. ஒரு வருஷம் நான் அதைத்தான் கேட்டிருக்கேன். கடைக்காரர் வேணும்னு பண்ணியிருக்க மாட்டார், அவசரம்தான், ஆனா காசு வாங்கிட்டு ஒரு தடவை பேலன்ஸ் போட்டு செக் பண்ணக்கூட நேரம் எடுக்கலங்கறது இன்னும் மனசு ஆறல.

ஒயரை மாத்தி சால்டர் வச்சு ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டதும் பேஸ் பாதி திரும்பி வந்துச்சு. பாதிதான். மீதி பாதிக்கு கதவுதான் காரணம்.

இதை புரிஞ்சுக்க பானை ஸ்பீக்கரை நெனச்சு பாருங்க. ஊர்ப்பக்கம் வீட்டுலயும் சலூன்லயும் மண் பானை வாயில ஸ்பீக்கரை கவுத்து வச்சு பாட்டு போடுவாங்கல்ல, அதே ஸ்பீக்கரை பானையில இருந்து எடுத்து வெறும் கையில பிடிச்சா கொசு கத்துற மாதிரி கேக்கும், பானையில வச்சா கும்முனு வரும். ஏன்னா கோன் முன்னாடி காத்தை தள்ளும்போது பின்னாடி அதே அளவு இழுக்குது, முன்னாடி காத்தும் பின்னாடி காத்தும் சேந்துட்டா கீழ் சத்தம் செத்துடும், பானை அந்த ரெண்டையும் பிரிச்சு வைக்குது. காருக்கு கதவுதான் பானை. ஆனா பேடை கழட்டிட்டு பாத்தா அந்த பானையில ஒரு கை, ரெண்டு கை நுழையற அளவுக்கு ஓட்டைகள் இருக்கும், கண்ணாடி மோட்டார் மாட்டவும் லாக் மாட்டவும் கம்பெனி விட்ட ஓட்டை, அதுக்கு மேல ஒரு மெல்லிசு பிளாஸ்டிக் ஷீட் மட்டும் ஒட்டியிருக்கும். அந்த ஷீட் மழைத்தண்ணி உள்ள வராம இருக்கத்தான், சத்தத்துக்கு இல்ல. போதாததுக்கு கதவோட வெளித்தகடு விரலால தட்டுனாலே டங்குன்னு கேக்குற அளவு மெல்லிசு. ஸ்பீக்கர் ஆடும்போது அதுவும் கூட சேந்து ஆடும், அந்த தகர சத்தம் அங்க இருந்துதான் வருது.

அதனால 8000 ரூபாய்க்குள்ள மொத்தமும் முடிக்கணும்னு ஒரு கணக்கு வச்சுக்கிட்டு, சென்னையில ஜிபி ரோடு போனேன். ஜெனரல் பேட்டர்ஸ் ரோடுன்னு முழு பேர், மவுண்ட் ரோட்டை ஒட்டி இருக்கு, கார் சாமான்னா சென்னையில எல்லாரும் கை காட்டுற எடம். அங்க கடை கடையா ஏறி இறங்குனதுல நான் கத்துக்கிட்ட ஒண்ணு, ஸ்பீக்கர் வாங்க போறேன்னு சொன்னா வாட்ஸ் பேசுவாங்க, டாம்பிங் ஷீட், அதாவது தகடு அதிராம இருக்க ஒட்டுற ஷீட், வேணும்னு சொன்னா உக்கார வச்சு பேசுவாங்க. அலுமினியம் ஃபாயில் ஒட்டுன பியூட்டைல் ரப்பர் ஷீட், 2 மில்லிமீட்டர் தடிப்பு, பத்து ஷீட் 2100 ரூபாய்க்கு வாங்குனேன். மொட்டை மாடி ஒழுகலுக்கு ஒட்டுற தார் ஷீட் விலை கம்மியாச்சே, அதையே கதவுல ஒட்டலாம்னு சில பேர் சொல்வாங்க, தயவு செஞ்சு வேணாம், நம்ம ஊர் சித்திரை வெயில்ல வெளிய நிக்கிற காரோட கதவு கை வைக்க முடியாத சூடு ஏறும், தார் இளகி வழியும், வண்டிக்குள்ள நாத்தம் குடலை பிடுங்கும்.

வேலைக்கு என் அத்தை பையன் வந்தான், ஒரு ஞாயித்துக்கிழமை காலையில ஆரம்பிச்சு இருட்டுற வரைக்கும் ரெண்டு கதவு. பேட் கழட்டறது பயப்படற மாதிரி ஒண்ணும் இல்ல, உள் கைப்பிடி பின்னாடி ஒரு ஸ்க்ரூ, கை வைக்கிற எடத்துக்குள்ள ஒண்ணு ரெண்டு, அப்புறம் சுத்தி பிளாஸ்டிக் கிளிப்பு, கீழ் மூலையில இருந்து இழுத்தா பட்டு பட்டுன்னு வரும், பவர் விண்டோ கப்ளரை பிரிக்காம வேகமா இழுத்துடாதீங்க. கிளிப்பு ஒண்ணு ரெண்டு கட்டாயம் ஒடையும், பழைய வண்டின்னா இன்னும் ஜாஸ்தி, பத்து கிளிப்பு முன்னாடியே வாங்கி வச்சுக்கோங்க, ஒடஞ்சதை அப்படியே விட்டா பேட் ஆடி புது இரைச்சல் வரும். ஒரே ஒரு எச்சரிக்கை, சைடு ஏர்பேக் வர்ற புது வண்டிகள் சிலதுல கதவுக்குள்ளயே காத்தழுத்தம் பாக்குற சென்சார் இருக்கும், அந்த மாதிரி வண்டியில ஓட்டை அடைக்கிற வேலையை சர்வீஸ் சென்டர்ல கேக்காம ஆரம்பிக்கவே கூடாது. என்னுது பழைய வண்டி, அந்த பிரச்சனை இல்ல.

வெளித்தகட்டு உள்பக்கம் கைய விட்டு மொதல்ல ஈரத்துணி, அப்புறம் தின்னர் போட்டு துடைச்சோம், பத்து வருஷ தூசி, துணி கருப்பா வந்துச்சு. அப்புறம் ஷீட்டை துண்டா வெட்டி ஒட்டி ரோலர் வச்சு நல்லா அழுத்தணும், ஃபாயில் மேல இருக்குற அச்சு மழுங்கற வரைக்கும். தகடு முழுக்க ஒட்டணும்னு இல்ல, நடுவுல அதிகமா ஆடுற எடத்துல மூணுல ஒரு பங்கு ஒட்டுனாலே தட்டும்போது டங்கு போயி டப்புன்னு ஆயிடுது. அப்பா அப்போ சென்னையிலதான் இருந்தார், திண்ணையில உக்காந்து பாத்துட்டே இருந்தவர் எழுந்து வந்து ஒட்டுன கதவையும் ஒட்டாத கதவையும் மாத்தி மாத்தி விரலால தட்டிப் பாத்துட்டு, "தொப்பிக்கு ரவை போடற மாதிரிடா இது"ன்னார். எனக்கு அந்த நிமிஷம்தான் விஷயம் முழுசா உரைச்சுது. வாசிக்கறதுக்கு முன்னாடி தொப்பியில ரவையை தண்ணி விட்டு பெசஞ்சு ஒட்டுவாங்க, அந்த கனத்துலதான் தொப்பி சத்தம் கீழ இறங்கி ஆழமா வரும், வாசிச்சு முடிச்சதும் சுரண்டி எடுத்துடுவாங்க. தகட்டுலயும் கனம் ஏற ஏற அது அதிர்ற ஸ்ருதி கீழ போகுது, கூடவே அந்த பியூட்டைல் அதிர்வையும் குடிச்சுடுது. எத்தனையோ வீடியோ பாத்து புரியாதது, அப்பா ஒரு வரியில சொல்லிட்டார்.

உள்தகட்டுல இருந்த ஓட்டைகளை அதே ஷீட்டால அடைச்சோம், பெரிய ஓட்டைக்கு மட்டும் அடியில மெல்லிசு அலுமினியம் தகடு வெட்டி வச்சு மேல ஷீட். கம்பெனி பிளாஸ்டிக் ஷீட்டை கிழிக்காம எடுத்து திரும்ப மேல ஒட்டிட்டோம். ரொம்ப முக்கியம், கதவுக்கு அடியில தண்ணி வெளியேற சின்ன சின்ன ஓட்டை இருக்கும், அதை மட்டும் அடைச்சுடாதீங்க, மழையில கண்ணாடி வழியா உள்ள எறங்குற தண்ணி அது வழியாத்தான் போகணும், அடைச்சா கதவு உள்ளயே துரு பிடிச்சு அழுகிடும். இதே காரணத்துக்குத்தான் ஸ்பீக்கருக்கு அடியில வைக்கிற ரிங்கை எம்டிஎஃப்ல, அதாவது மரத்தூள் அட்டைப் பலகையில, போட வேணாம்னு சொல்றேன், ஒரு ஐப்பசி மழை தாங்காது, ஊறி உப்பிடும். கெட்டி பிளாஸ்டிக் ரிங்கு ஜோடி 450 ரூபாய்க்கு கெடச்சுது. ரிங்கு ஏன் வேணும்னா, ஒண்ணு ஸ்பீக்கர் தகட்டோட இடைவெளி இல்லாம உக்காரும், ரெண்டு காந்தம் கொஞ்சம் முன்னாடி வரும், இல்லன்னா கண்ணாடியை எறக்கும்போது காந்தத்துல இடிக்கும். ஸ்பீக்கர் வாங்கும்போது ஆழம் எவ்ளோன்னு பாக்கணும், ஸ்கேல் வச்சு கண்ணாடி முழுசா எறங்கி இருக்கும்போது அளந்துட்டு போங்க.

இவ்ளோ பண்ணிட்டு அதே பழைய ஸ்பீக்கரை திரும்ப மாட்டி பாட்டு போட்டோம். அத்தை பையன் என்னை பாக்குறான், நான் அவனை பாக்குறேன். பேஸ் மட்டும் இல்ல, பாடறவங்க குரல்ல இருந்த அந்த மூக்கடைப்பு போயிருந்துச்சு. உங்க பட்ஜெட் 3000தான்னா இங்கயே நிறுத்திடலாம், நெஜமா சொல்றேன், புது ஸ்பீக்கர் வாங்கவே வேணாம்.

எனக்கு இன்னும் காசு மிச்சம் இருந்துச்சு, அதனால முன்னாடிக்கு ஒரு காம்போனென்ட் செட் பாத்தேன், அதாவது வூஃபர் தனி, ட்வீட்டர் தனி, நடுவுல கீழ் சத்தத்தையும் மேல் சத்தத்தையும் பிரிச்சு அனுப்புற ஒரு சின்ன கிராஸ்ஓவர். இங்கதான் வாட்ஸ் கதையை சொல்லணும். செட் மேல 50 வாட்ஸ் இன்டு 4னு போட்டிருக்கும், அதை நம்பி ஸ்பீக்கர் வாங்காதீங்க, கணக்கு போட்டா தெரிஞ்சுடும். வண்டி ஓடும்போது பேட்டரி லைன்ல ஏறக்குறைய 14.4 வோல்ட், அதை வச்சு 4 ஓம் ஸ்பீக்கருக்கு சுத்தமா குடுக்க முடியறது கணக்குப்படியே 26 வாட்ஸ்தான், அதுக்கு மேல போகணும்னா தனி ஆம்ப்ளிஃபையர் வேணும், செட்டுக்குள்ள இருக்குற ஐசில நஷ்டம் போக நெஜத்துல 15ல இருந்து 20 வாட்ஸ் வரும். அதே மாதிரி ஸ்பீக்கர் பெட்டியில இருக்குற 300, 350 எல்லாம் பீக், கண்ணிமைக்கிற நேரம் தாங்குற அளவு, நீங்க தேட வேண்டியது ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தாங்குற அளவு. அதை விட முக்கியமா பெட்டி பின்னாடி பொடி எழுத்துல சென்சிடிவிட்டின்னு ஒண்ணு இருக்கும், அதே பவருக்கு எவ்ளோ சத்தம் வருதுங்கற கணக்கு, 89 டெசிபெல், 92 டெசிபெல் இந்த மாதிரி. 3 டெசிபெல் கூடுனா அதே சத்தத்துக்கு பாதி பவர் போதும். ஆம்ப்ளிஃபையர் வாங்க காசு இல்லாத நமக்கு இந்த நம்பர்தான் ஆம்ப்ளிஃபையர். நான் பாத்த ரெண்டு செட்டுல விலை கூடுதலா இருந்தது சென்சிடிவிட்டி கம்மி, பவர் ஜாஸ்தி கேக்குற ரகம், அதை விட்டுட்டு 4300 ரூபாய்ல 92 போட்டிருந்ததை எடுத்தேன், அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. இன்னொரு தகவல், ஜேபிஎல், இன்ஃபினிட்டி ரெண்டுமே ஹர்மான் கம்பெனிதான், 2017ல இருந்து அது சாம்சங் கையில, அதனால கடையில இது ஒசத்தி அது மட்டம்னு ரெண்டையும் மோத விட்டா பிராண்டு பேரை விட்டுட்டு நம்பரை பாருங்க.

ட்வீட்டரை எங்க வைக்கிறதுங்கறதுல ரெண்டு சாயங்காலம் போச்சு. மேல் சத்தம் டார்ச் லைட் மாதிரி நேரா போகும், கதவுக்கு கீழ இருந்தா நம்ம கால் முட்டியே மறைச்சுடும், கோஆக்சியல்ல அந்த குறை எப்பவும் உண்டு. டபுள் சைடு டேப்ல தற்காலிகமா ஒட்டி டாஷ்போர்டு மேல, கண்ணாடி தூண்ல, சைடு மிரருக்கு உள்பக்கம் இருக்குற முக்கோண பிளாஸ்டிக்லன்னு மூணு எடத்துலயும் கேட்டேன். டாஷ்போர்டு மேல வச்சா முன் கண்ணாடியில அடிச்சு திரும்பி காது கூசுது. முக்கோணத்துல வச்சு ரெண்டையும் எதிர் சீட்டை பாத்து கொஞ்சம் திருப்புனதும் பாடறவர் நேரா எதிர்ல உக்காந்த மாதிரி ஆச்சு. பின் கதவு ஸ்பீக்கரை தொடவே இல்ல, செட்ல முன் பின் சத்தத்தை பிரிக்கிற ஃபேடர்ல அதோட சத்தத்தை கொறைச்சு வச்சிருக்கேன், அவ்ளோதான்.

செட்டிங்ஸ்ல ஈக்வலைசரை மொத்தமா சைபர்ல வச்சுட்டு ஆரம்பிங்க, லவுட்னஸ், பேஸ் பூஸ்ட் எல்லாத்தையும் அணைச்சுடுங்க. எச்பிஎஃப், அதாவது ஹை பாஸ் ஃபில்டர்னு ஒண்ணு இருந்தா அதை போடுங்க, ரொம்ப கீழ இருக்குற சத்தம் கதவு ஸ்பீக்கருக்கு போகாம தடுக்கும், கோன் வீணா பதறாம நல்லா பாடும். எல்லாரும் 80 ஹெர்ட்ஸ்ல வைக்க சொல்றாங்க, எனக்கு 80ல தொப்பி மறுபடி மெலிஞ்சுது, 63க்கு எறக்குனேன், அப்பா காது ஒத்துக்கிச்சு. அப்புறம் மிச்சம் இருந்த காசுல 450 ரூபாய்க்கு ஒரு பென்டிரைவ். வாட்ஸப்ல நாலு கை மாறி வந்த பாட்டை ப்ளூடூத்ல போட்டா எந்த ஸ்பீக்கரும் அழத்தான் செய்யும், பாட்டை நல்ல தரத்துல, 320 கேபிபிஎஸ்ல வச்சு யூஎஸ்பில போடுங்க, வித்தியாசம் இந்த ஸ்பீக்கர்லயே தெரியுது.

ஷீட் 2100, ரிங்கு 450, ஸ்பீக்கர் 4300, கிளிப்பு, ஒயர், ஸ்லீவ், ரோலர் எல்லாம் சேத்து 600, பென்டிரைவ் 450. மொத்தம் 7900. கூலி இல்ல, அத்தை பையனுக்கு மதியம் பிரியாணி.

ஐப்பசியில அப்பாவை திரும்ப ஊருல விட போனப்போ அந்த பென்டிரைவ்ல அவருக்கு சொல்லாம ஒண்ணு ஏத்தி வச்சிருந்தேன். 1986 மார்கழியில எங்க தெரு பஜனையை பக்கத்து வீட்டு மாமா டேப் ரெக்கார்டர்ல புடிச்ச கேசட், அதை ஒருத்தர்கிட்ட குடுத்து கம்ப்யூட்டர்ல ஏத்தி வாங்கியிருந்தேன். பண்ருட்டி பலாப்பழ கடைகளை தாண்டும்போது, மிருதங்க கட்டைக்கு இந்த பக்கத்து பலா மரம்தான் ஒசத்தின்னு அவர் எப்பவும் சொல்றதை சொல்லிட்டு இருந்தார், அப்ப போட்டேன். ரெக்கார்டிங் சுமார்தான், ஜால்ரா சத்தம் தூக்கலா இருக்கும், ஆனா அதுக்கு அடியில தொப்பி தெளிவா வந்துச்சு. அவருக்கு யாருன்னு பிடிபட ஒரு நிமிஷம் ஆச்சு. அப்புறம் சேத்தியாத்தோப்பு வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசல, கை மட்டும் தொடையில ஓடிட்டு இருந்துச்சு, ஒரு எடத்துல நிறுத்தி "இதை கொஞ்சம் பின்னாடி தள்ளி போடு"ன்னார், போட்டேன், "பாரு, இந்த தீர்மானத்துல, வாசிச்சு முடிக்கிற எடத்துல, கடைசி அடி ஒரு மயிரிழை முந்திட்டேன், அப்பவே வாத்தியார் சொன்னார், நான் இல்லன்னு சாதிச்சேன்"ன்னு சொல்லிட்டு இன்னொரு தடவை கேட்டார்.

ஷீட் ரெண்டு மிச்சம் இருக்கு, இன்னும் நாலு வாங்கி பொங்கலுக்குள்ள பின் கதவு ரெண்டுக்கும் ஒட்டணும், அம்மா எப்பவும் பின் சீட்லதான் உக்காருவாங்க.